கொட்டாத தண்ணீர்

இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். உங்களுடைய தனித்திறமை என்ன என்று அதில் கேட்டிருப்பார்கள். முதல் தடவை பொறுமை, உழைப்பு, சேவை மனப்பான்மை என்று ஊரே எழுதுவதை நானும் எழுதினேன். நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. பாளையங்கோட்டையில் என்னோடு உணவியல் முதுகலை படித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இடம் கிடைத்துவிட்டது. நான் மேலப்பாளையத்தில் வீட்டில் உட்கார்ந்து அடுத்த வருடத்து அறிவிப்புக்காகக் காத்திருந்தேன்.

பல்கலைக்கழகம் நடத்தும் அந்த ஆறு மாத இன்டர்ன்ஷிப்பை முடிக்காவிட்டால் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் டயட்டீஷியன் என்று சேர்க்கமாட்டார்கள். இதை என் வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. வளைகுடாவிலிருந்து வாப்பா போனில் கேட்டார்: "கஞ்சி காய்ச்சச் சொல்லிக் குடுக்கதுக்கு அஞ்சு வருசப் படிப்பு. அதுக்கு மேல இன்னொரு பரீட்சையாம்மா?" உம்மா பக்கத்தில் நின்று சிரித்தாள். சமையல் படிப்பு என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும். இப்போதும் வரும். அந்தக் கோபத்தோடுதான் இரண்டாம் தடவை அந்தக் கட்டத்தை நிரப்பினேன். 'படிக்காதவர்களுக்கும் மனதில் பதியும்படி சொல்லத் தெரியும்' என்று எழுதினேன்.

இந்தத் தடவை கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "சரி, நாங்க மூணு பேரும் கிராமத்துப் பொம்பளைங்க. எதையாவது சொல்லிக் கொடு, பார்ப்போம்" என்றார். நான் எழுந்து நின்றேன்.

"ஏக்கா, காய வேகவச்ச தண்ணிய எங்கன கொட்டுதிய? சாக்கடையிலயா? சத்தையெல்லாம் சாக்கடைக்குக் குடுத்துட்டு சக்கைய வீட்டுக்காரருக்குப் போடுதிய. சாக்கடை நல்லாக் கொழுத்துப்போய்க் கெடக்கு. உங்க வீட்டுக்காரரக் கொஞ்சம் பாருங்க, எப்படி இருக்காருன்னு."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இடம் கிடைத்தது. அன்று டவுன் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் மாதம் எங்களை ஊர்ஊராக முகாமுக்கு அனுப்பினார்கள். திசையன்விளைக்குப் பக்கத்துச் செம்மண் கிராமங்கள். ஆரம்பப் பள்ளிக்கூடத்து அறையில் பெண்களை உட்காரவைத்துச் சத்துணவைப் பற்றிப் பேச வேண்டும். நான் ஒரு சார்ட் வரைந்திருந்தேன். ஒரு பானை, அதிலிருந்து வழியும் பச்சைத் தண்ணீர், அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. கீழே கொட்டை எழுத்தில் 'சத்தைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்'. நேர்காணலில் சொன்ன அதே வசனத்தைச் சொன்னேன். அங்கேயும் சிரித்தார்கள்.

ஒரு ஊரில் மட்டும் முன்வரிசையிலிருந்த ஒரு பெண் சிரிக்காமல் கையைத் தூக்கினார். ஐம்பது வயது இருக்கலாம். சார்ட்டை வைத்துக்கொண்டு நின்று பேசுகிற எவளும் அவருக்கு டீச்சர்தான்.

"அப்பம் அந்தத் தண்ணிய என்னதான் செய்யணும் டீச்சர்?"

"ரசத்துக்கு ஊத்துங்க" என்றேன். "எந்தக் காய் வேகவச்ச தண்ணின்னாலும் ரசத்துக்கு ஊத்துங்க. ஒரு சொட்டு வீணாப் போகக்கூடாது."

அவர் தலையை ஆட்டினார். மற்றவர்கள் கடைசியில் கொடுக்கும் சுண்டலுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. இப்படி ஒருத்தர் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆஸ்பத்திரி. முதலில் சமையல்கூடம், அடுத்து சர்க்கரை நோய்ப் பிரிவு, நான்காம் மாதம் சிறுநீரகப் பிரிவு. அங்கே எங்களுக்கு ஒரு சின்ன அறை, ஒரு மேஜை. டயாலிசிஸுக்கு வருகிறவர்களும் வீட்டுக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம்தான். அதற்குள் நேற்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதி, என்ன சாப்பிடலாம் என்று சொல்லி, அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். எங்களுக்குப் பொறுப்பான டயட்டீஷியன் மேடம் ஒருத்தர்தான். அவருக்கு மூன்று மாடி. எங்களோடு நின்று பார்க்க அவருக்கு நேரம் கிடையாது.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு நாங்கள் பயப்படுவது பொட்டாசியத்துக்கு. காய்களிலும் பழங்களிலும் இளநீரிலும் இருக்கிற உப்புதான் அது. நல்ல உடம்பு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். கெட்டுப்போன உடம்பில் அது ரத்தத்திலேயே தங்கி, அளவு மீறினால் இதயத்தை நிறுத்திவிடும். அதனால் இவர்களுக்குக் காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும். நான் ஊர்ஊராகக் கொட்டாதே என்று சொன்ன அதே தண்ணீர்தான். இரண்டும் சரி. ஒன்று நல்லா இருக்கிறவர்களுக்கு, மற்றது நோயாளிக்கு. இது பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. நான் சரியாக எழுதியிருக்கிறேன்.

முதல் வாரமே ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். கணவருக்கு வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். மனைவி என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர்! நீங்களா? எங்க ஊருக்கு வந்தியளே, பள்ளிக்கூடத்துக்கு!" பிறகு கணவரிடம் திரும்பி, "நான் சொல்லல, சாக்கடை டீச்சர்னு? இவுகதான்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்டர்ன்ஷிப் முடிய ஒரு நோயாளியை இரண்டு மாதம் தொடர்ந்து கவனித்து கேஸ் ஸ்டடி எழுதிப் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற ஆட்கள் முன்னால் பேச வேண்டும். பாதிப் பேர் சொன்னதைக் கேட்கமாட்டார்கள், இடையில் வாரக்கணக்கில் காணாமல் போவார்கள். இவர்கள் கேட்பார்கள். அந்த நிமிடமே இவர்தான் என் கேஸ் என்று முடிவு செய்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சொன்னேன். வாழைப்பழம், இளநீர், பதநீர், கீரை கூடாது. பருப்பு குறைவு. ரசம் வைக்கலாம், தக்காளி போடக்கூடாது, வெறும் மிளகு சீரகம், ஒரு கரண்டி. காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடித்த தண்ணீரை என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவர் ஏற்கனவே ஒருமுறை கேட்டு என் வாயாலேயே பதிலும் வாங்கியிருந்தார். ஏன் வடிக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. வெளியே பதினாலு பேர் நின்றார்கள்.

அண்ணாச்சி அதிகம் பேசமாட்டார். பள்ளிக்கூடத்துச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தவர். டயாலிசிஸுக்காக இடது முன்கையில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அங்கே நரம்பு புடைத்து நிற்கும். மூன்றாவது தடவை வந்தபோது என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து, "தோளு ரெண்டு வெரக்கட எறங்கிக் கெடக்கு. கழத்திக் குடும்மா, பிடிச்சுத் தாரேன்" என்றார். சீனியரிடம் வாங்கிய பழைய கோட்டு. கொடுத்தேன். அடுத்த டயாலிசிஸுக்கு வரும்போது செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். தோள் எனக்கென்றே வெட்டியதுபோல உட்கார்ந்தது.

மூன்றாவது வாரம் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அடுத்த வாரம் இன்னும் ஏறியது. மேடம் தாளைப் பார்த்துவிட்டு நடந்துகொண்டே சொன்னார்: "உன் ஆளு எதையோ ஒளிச்சுச் சாப்பிடுதாரு. எல்லாரும் செய்யுறதுதான். விசாரிச்சுக் கண்டுபிடி."

விசாரித்தேன். போலீஸ்காரன்போல. நேற்று காலையிலிருந்து சொல்லுங்கள். இட்லி. அப்புறம்? முட்டையின் வெள்ளை. மத்தியானம்? சோறு, வடித்த காய், ரசம். ராத்திரி? சோறு, ரசம். என் புத்தகத்தில் மிளகு ரசத்துக்கு ஒரு கணக்கு உண்டு, பொட்டாசியம் ஒன்றுமே இல்லாத கணக்கு. அதைப் போட்டுக் கூட்டிப் பார்த்தால் எங்கேயும் இடிக்கவில்லை. அப்படியென்றால் இவர் பொய் சொல்கிறார். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, உள்ளதச் சொல்லுங்க. பதநி குடிக்கியளா? கடையில பழம் வாங்கித் திங்கியளா?"

"இல்லம்மா."

"அப்பம் பொட்டாசியம் எப்படி ஏறும்? வானத்துல இருந்தா வரும்? நீங்க என்ன ஏமாத்தல, உங்களத்தான் ஏமாத்திக்கிடுதிய. அக்கா உங்களுக்காக இப்படிப் பாடுபடுதாக. கொஞ்சமாவது நெனச்சுப் பாத்தியளா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். கண் கலங்கிவிட்டது. "சத்தியமா எதுவும் திங்கலம்மா" என்றார். எத்தனை பேர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று மனதுக்குள் நினைத்தேன். அங்கே வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை எனக்கு. குறிப்பேட்டில் 'மறைக்கிறார்' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு அவர் பயந்துபோனார். காயே வேண்டாம் என்று விட்டுவிட்டார். அடுத்த வாரம் அந்த அம்மா வந்து, "ரெண்டு வேளையும் ரசஞ்சோறு போதும்னு ஒரே பிடியா நிக்காக டீச்சர். காயத் தொடமாட்டேங்காக, எல்லாத்தையும் நாந்தான் திங்கேன்" என்றார். நல்லதுதான், இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்றேன். நான் இந்த வாயால் சொன்னேன்.

அந்த மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடைகள் நிரம்பி அவர்கள் ஊருக்குப் பஸ் வரவில்லை. ஒரு டயாலிசிஸ் தவறியது. மழை விட்டதும் முதல் பஸ்ஸில் புறப்பட்டார்கள். நாங்குநேரி தாண்டும்போது அவர் மனைவியின் தோளில் சாய்ந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்கு எழுப்பினால் எழும்பவில்லை. கண்டக்டரும் இரண்டு பயணிகளும் சேர்ந்து ஆட்டோவில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது உடலைத்தான். இதயம் வழியிலேயே நின்றிருந்தது. அந்த அம்மா வராந்தாவில் உட்கார்ந்து, "தூங்குதாகன்னு நெனச்சேன், மூணு நாளா தூக்கமில்ல, தூங்கட்டும்னு விட்டுட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு தூணுக்கு அந்தப்பக்கம் நின்றேன்.

பதினாறு நாள் கழித்து ஏதோ சான்றிதழ் வாங்க வந்த அந்த அம்மா என் அறைக்கும் வந்தார். வாசலில் யாரும் இல்லை. உட்காரச் சொன்னேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாகளா அக்கா?" என்று கேட்டேன்.

"சாப்பாட்டுல ஒரு கொறையும் வைக்கல டீச்சர். தக்காளி போடக்கூடாதுன்னு சொல்லிட்டிய. பருப்பும் இல்ல. வெறும் மொளகுத் தண்ணிய எப்படி ஊத்த? அதான் காய் வடிச்ச தண்ணியிலயே ரசம் வச்சேன். நீங்கதான சொன்னிய, சத்தெல்லாம் அதுலதான் இருக்குன்னு. கடைசியில காய் வேண்டாம்னப்பகூட, அவுகளுக்காவது சத்து சேரட்டும்னு நெறையக் காய வேகவச்சு அந்தத் தண்ணிய எடுத்துக்கிட்டேன். ஒரு சொட்டு கொட்டல."

அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நான் ஏதும் தப்பாச் செஞ்சிட்டனா டீச்சர்?"

"இல்லக்கா" என்றேன். "சொன்னதத்தான் செஞ்சிருக்கிய."

அது பொய் இல்லை. ஆனால் பாதியோடு நிறுத்தியது பொய்தான். அவர் எழுந்து போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அண்ணாச்சிக்காக அழுதேனா, என் கேஸ் ஸ்டடிக்காக அழுதேனா என்று கேட்டால் நேர்மையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. இன்னும் மூன்று வாரத்தில் நான் அதைச் சமர்ப்பிக்க வேண்டும்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். கெட்டவர் இல்லை அவர். கடைசியில், "ஒரு டயாலிசிஸ் தவறியிருக்கு. அதுவே போதும். ரசத்தாலதான்னு உன்னாலயும் நிரூபிக்க முடியாது, என்னாலயும் முடியாது. நிரூபிக்க முடியாததை எழுதாத" என்றார். "அப்போ என்ன எழுத மேடம்?" என்று கேட்டேன். "வழக்கமா எழுதுறததான்" என்றார்.

வழக்கமாக எழுதுவது ஒரு வரி. 'நோயாளி உணவுக் கட்டுப்பாட்டைப் பின்பற்றவில்லை.' அதை நான் என் கையால் தட்டச்சு செய்தேன். அந்தக் கட்டுப்பாட்டை அவரளவுக்குப் பின்பற்றிய ஒருவரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பேச வேண்டிய நாளில் வெளியிலிருந்து வந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குடும்பத்துக்குப் புரியும்படி சொன்னீங்களா?" மனதில் பதியும்படி சொன்னேன் என்று பதில் சொன்னேன். நல்ல மதிப்பெண். சான்றிதழில் பல்கலைக்கழக முத்திரை பளபளவென்று இருந்தது. உம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். வாப்பா போனில், "இனி நீ டாக்டர் மாதிரியாம்மா?" என்று கேட்டார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆனபின் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துத் திசையன்விளைக்குப் பஸ் ஏறினேன். சொல்லிவிடுவது என்று போனேன். எதற்குச் சொல்ல வேண்டும், அந்த அம்மா பாவம், சொன்னால் யாருக்கு லாபம் என்று வழிநெடுக எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். நாங்குநேரி வந்ததும் வாதம் நின்றுவிட்டது. அங்கிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனேன்.

தையல் மிஷினைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்து, மறுக்க மறுக்கச் சோறு போட்டார். அவரைக்காய்ப் பொரியல். ஒரு கிண்ணத்தில் ரசம். பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டீச்சர். நீங்க அன்னைக்கு அவுகளத் தனியா வச்சுக் கேட்டியளாம். ஒளிச்சுத் திங்கியளான்னு. வீட்டுக்கு வந்து அழுதாக. சாகுற வரைக்கும் அத ஒண்ணத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக. என்ன நம்பமாட்டேங்குது அந்தப் பிள்ளன்னு. சத்தியமா அவுக எதுவும் திங்கல. அத மட்டும் நீங்க நம்பணும்."

"நம்புதேன் அக்கா. அவுக எதுவும் திங்கல. எனக்குத் தெரியும்."

"அப்பம் அது எப்படிக் கூடிச்சு?"

கிண்ணத்தைப் பார்த்தேன். அண்ணாச்சியின் பேரைக் காப்பாற்றினால் இவரைக் குற்றவாளியாக்க வேண்டும். இவரைக் காப்பாற்றினால் அவர் திருடித் தின்றவராகவே இருப்பார். நான் சொன்னேன். முகாமில் சொன்னது நோயில்லாதவர்களுக்கு என்றும், நோயாளிக்கு அந்தத் தண்ணீர் ஆகாது, கொட்டிவிட வேண்டும் என்றும், அதை ஆஸ்பத்திரியில் நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றும் சொன்னேன். "தப்பு என்மேலதான் அக்கா. உங்கமேல இல்ல." இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. அழவும் இல்லை.

"கடைசி வாரம் காயே வேண்டாம்னுட்டாகளே" என்றார். "ரசம் மட்டுந்தான குடிச்சாக."

"ஆமா அக்கா."

"நான் இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிடுங்க, ஊத்திக்கிடுங்கன்னு..."

முடிக்கவில்லை. எழுந்து என் முன்னாலிருந்த கிண்ணத்தை எடுத்தார். அடுப்பிலிருந்த ரசச் சட்டியையும் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். மண்ணில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து காலிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தார். சோற்றுக்கு மோர் ஊற்றினார்.

"சாப்பிட்டுட்டுக் கெளம்பும்மா" என்றார். "நாலு மணிக்கு பஸ்ஸு. அத விட்டா ஆறுக்குத்தான்."

டீச்சர் என்று அவர் சொல்லவில்லை. தட்டிலிருந்ததை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன். நாலு மணி பஸ்ஸுக்குப் போனேன்.